மொட்டை மாடியில் மூடிய ஷாஃப்ட்: அடுக்ககச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை அடுக்ககச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீர்க்கசிவு, ஓதம் என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. ஐப்பசி பிறந்துவிட்டால் போன் ஓயாது. "பாத்ரூம் சீலிங் முழுக்கக் கறுப்புக் கறுப்பா பூசணம் சார், போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சோம்" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த வரியில் நீங்கள் வந்துவிடுவீர்கள். "செக்ரட்டரிகிட்ட சொன்னோம். உங்க வீட்டுக்குள்ள நடக்கிறதுக்கு சங்கம் என்ன பண்ணும், நல்லா தேய்ச்சுக் கழுவி சுத்தமா வெச்சுக்கங்கன்னுட்டார்."

அந்தப் பதில் பல கட்டடங்களில் தவறு. அதைச் சொல்லத்தான் இந்த மடல். அந்த வீடுகளில் பூசணம் பிடிப்பதற்குக் காரணம் குடியிருப்பவரின் சோம்பல் அல்ல. மொட்டை மாடியில் ஷாஃப்ட்டின் தலைமேல் சங்கச் செலவில் போட்ட கூரைதான்.

குளியலறை ஜன்னல்களும் எக்ஸாஸ்ட் விசிறிகளும் திறக்கிற அந்தக் குறுகிய கிணற்றைச் சிலர் ஷாஃப்ட் என்கிறார்கள், சிலர் டக்ட், சிலர் ஓ.டி.எஸ். (ஓபன் டு ஸ்கை). வரைபடத்தில் அது இடம்பெறுவதே வானம் பார்த்துத் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு அளவே கொடுத்திருக்கிறது. 10 மீட்டர் உயரம் வரையுள்ள கட்டடத்துக்கு ஷாஃப்ட் 1.2 சதுர மீட்டராவது இருக்க வேண்டும்; 18 மீட்டர் உயரத்துக்கு 4 சதுர மீட்டர். மாடி கூடக் கூட அந்தக் கிணறு சுமக்கிற ஈரக்காற்றும் கூடுகிறது, அதனால்தான் இந்த ஏற்றம். நம் ஊரில் இந்த அளவே பல இடங்களில் இழுத்துப் பிடித்துத்தான் கட்டப்படுகிறது. அதன் தலையிலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு நாலு பக்கமும் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டால் காற்று எங்கே போகும்?

ஒரு தடவை கார்த்திகையில் காலை ஏழு மணி வாக்கில் மாடியேறிப் போய் அந்த ஷீட்டை அடியிலிருந்து பாருங்கள். மேலே புறா எச்சமும் பாசியும் படிந்து மஞ்சளித்திருக்கும். அடியில் இட்லிக் குண்டான் மூடியைப் போல நீர்த்துளிகள் முத்து முத்தாகத் தொங்கும். விரலால் தட்டினால் சடசடவென்று கொட்டும். அத்தனையும் வீடுகளில் காலையில் குளித்த, துவைத்த தண்ணீரின் ஆவிதான். மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை.

ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது. வெந்நீரில் குளித்த அறையிலிருந்து வருவது சூடாகவும் இருப்பதால் தானாகவே மேலே ஏறும். தலை திறந்திருந்தால் அது வெளியேறும், அடியிலிருந்து புதுக் காற்று இழுபடும். மின்சாரம் இல்லாமலே கிணறு வேலை செய்யும். தலையை அடைத்தால் ஏறிய ஈரம் மேல் மாடி ஜன்னல்களுக்கு முன்னால் தேங்கி நின்று, லூவர்ஸ் கண்ணாடி இடுக்கு வழியே அவர்கள் குளியலறைக்குள்ளேயே நுழையும். அப்படி அடைத்த கட்டடத்தில் முதல் மாடிக்காரர் வீட்டுச் சுவர் தப்பித்திருக்க, கடைசி மாடிக்காரர் வீட்டு சீலிங் கறுத்துக் கிடப்பது இதனால்தான். கடைசி மாடிக்காரர் வந்து புகார் சொன்னால், "அது தளத்துல இருந்து மழைத் தண்ணி இறங்குது" என்று சொல்லி வாட்டர்புரூஃபிங் வேலைக்கு ஆள் பிடிக்கிறீர்கள். தளம் பல சமயம் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வீட்டில் எக்ஸாஸ்ட் விசிறி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒரே நேரத்தில் கீழே மூன்று வீட்டு விசிறிகள் அடைத்த கிணற்றுக்குள் தள்ளினால், ஓடாத நாலாவது விசிறியின் மூடித் தகடு உள்பக்கமாகத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு சோப்பு வாசனை அடிக்கும். சோதித்துப் பார்க்க ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். விசிறியை ஓடவிட்டு அதன் முகத்தில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுக்கிறது, விழுந்துவிட்டால் சத்தம் மட்டும்தான் போடுகிறது. (விழுந்தால் உடனே ஷாஃப்ட்டைக் குறை சொல்லிவிட வேண்டாம். குளியலறைக் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டி அடைத்திருந்தாலும் இழுக்காது. உள்ளே வர வழியில்லாமல் வெளியே காற்று போகாது. கதவடியில் முக்கால் அங்குல இடைவெளியாவது வேண்டும்.)

நீங்கள் ஏன் மூடினீர்கள் என்பது தெரியும். புறா. அடைமழையில் லூவர்ஸ் வழியே சாரல். கீழ் வீட்டு அம்மா, மேலிருந்து தலைமுடியும் சோப்புக் காகிதமும் விழுகிறது என்று கூட்டத்தில் போட்ட சண்டை. எல்லாம் நியாயம். ஷீட்டைக் கழற்றிக் கடாசுங்கள் என்று நான் சொல்லவில்லை. தூக்கி வையுங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேல் இரும்பு ஆங்கிள் சட்டம் அடித்து, ஷீட்டை ஒன்றரை, இரண்டு அடி உயர்த்தி, நாலு பக்கமும் ஒரு அடியாவது வெளியே நீளவிடுங்கள். பக்கவாட்டில் புறா வலை. மழை நேராக விழாது, புறா நுழையாது, காற்று நாலு திசையிலும் போகும். ஒரு வெல்டருக்கு ஒன்றிரண்டு நாள் வேலை. தொழிற்சாலைக் கூரைகளில் சுழலுமே, அந்த டர்போ வென்டிலேட்டர் ஒன்றை வைப்பதும் நல்லதுதான். ஆனால் ஷீட்டை உயர்த்தாமல் அதை மட்டும் வைத்துவிட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

மேலே திறந்தால் போதாது, கீழேயும் திறக்க வேண்டும். தரைத்தளத்தில் ஷாஃப்ட்டுக்குள் போகும் சின்னக் கதவு இரும்புத் தகடாக இருந்தால் கம்பி வலைக் கதவாக மாற்றுங்கள். உள்ளே கிடக்கும் உடைந்த கமோடு, பழைய டைல்ஸ், பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் அள்ளுங்கள். அள்ளும்போதே பிளம்பரை விட்டுக் குழாய் ஜாயிண்ட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கழிவுக் குழாய் கசிந்து தரையில் எப்போதும் தண்ணீர் நின்றால், கிணறு முழுக்க ஈரத்தைச் சப்ளை செய்வது நீங்களாகவே இருப்பீர்கள்.

எல்லா ஓதத்துக்கும் ஷாஃப்ட்தான் காரணம் என்று சொன்னால் என் தொழிலுக்கே துரோகம். சுவரின் அடிப்பாகத்தில் உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்து உதிர்ந்தால் அது பெரும்பாலும் சங்கன் பகுதிக்குள் (குளியலறைத் தரைக்கு அடியில் குழாய் போகத் தாழ்த்திக் கட்டிய பள்ளம்) தேங்கிய தண்ணீர், அல்லது குழாய்க் கசிவு. எது என்று குழம்பினால், ஒரு அடிச் சதுரத்துக்கு அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் வெளிமுகம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. தாளுக்குப் பின்னால் சுவர் நனைந்திருந்தால் உள்ளிருந்து வருகிறது. இரண்டாவது வகையில், வீடு ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவைக் காட்டிப் பில்டரிடம் எழுத்தில் கேளுங்கள். சட்டம் சொல்லும் கட்டுமானக் குறை, வேலைத்தரக் குறை என்றால் தெரிவித்த 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டியது அவர் பொறுப்பு.

உங்கள் சுற்றறிக்கையில் ஒரு வரியை அவசியம் எடுத்துவிடுங்கள்: "ஆசிட் ஊற்றிக் கழுவவும்." ஆசிட் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டைத்தான் முதலில் தின்னும். இடுக்கு திறந்தால் தண்ணீர் தரைக்கு அடியில் இறங்கும், அப்புறம் கீழ் வீட்டு சீலிங் சொட்டும். துப்புரவுப் பணியாளர்கள் சிலர் பளிச்சென்று வரட்டுமே என்று பிளீச்சிங் பவுடரைத் தூவி அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அதில் கிளம்புவது குளோரின் வாயு. ஜன்னல் அடைத்த அறையில் உயிருக்கே ஆபத்து. இதை அவர்களிடம் நேரில் நிறுத்திச் சொல்லுங்கள்.

பூசணம் அழகுப் பிரச்சினை என்று நினைக்கும் குழுக்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டு, ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் கூடுவதைப் பதிவு செய்திருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் நீண்ட நாள் இருந்த பூசணமே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் செய்திருந்தார்கள். குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று வீட்டை வாடகைக்கு விட்ட நிர்வாகம் எண்ணியிருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. அதன் பிறகு அங்கே சட்டமே மாறியது. "நல்லா தேய்ச்சுக் கழுவுங்க" என்று உங்கள் வாயில் வரும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வருகிறது.

குடியிருப்பவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. குளித்து முடித்து வைப்பரால் தரையைத் தள்ளிவிடுவது, விசிறியை இருபது நிமிடம் ஓடவிடுவது, மழைக்காலத்தில் துணியைக் குளியலறைக் கொடியில் போடாமல் இருப்பது. இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, கிணற்றைத் திறந்த பிறகு.

செலவு யாருடையது என்ற கேள்வி வரும், கடைசி மாடிக்காரர்கள் தலையில் கட்டப் பார்ப்பீர்கள். ஷாஃப்ட் பொது இடம். மூடியது பொதுப் பணம். திறப்பதும் பராமரிப்பு நிதியிலிருந்துதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆவணிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் புரட்டாசிக்குள் வெல்டர் வேலையை முடித்துவிடுவார். தீபாவளி நெருங்கினால் வெல்டர் கிடைக்க மாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் மாடிகளில் அடிக்கடி ஏறி இறங்கும் ஒருவன்