உன் மகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டாய்

கல்லடி, மட்டக்களப்பு

என் அன்பு மச்சாளுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வெள்ளாமை வெட்டு முடிந்து நெல்லும் வீடு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. அதற்குக் கீழே உன் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற வரியைக் கண்டதும் எழும்பி நின்று வாசித்தேன். எட்டு வாரம், சோறு கொதிக்கிற மணத்துக்கே வெளியே ஓடுகிறாள், உன் மகளுக்கு நீ என்ன கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறாய். கொடுத்ததையும் சொல்கிறேன், நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். பிழையைக் கவனமாக வாசி.

போன வருடம் என் மகளுக்கு ஆறாம் வாரத்தில் மசக்கை தொடங்கியது. காலையில் மீன்காரர் சைக்கிளில் வந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டாலே அவளுக்கு ஓங்காளம் வரும். வீட்டில் ஒன்றரை மாதம் மீன் ஆணமே வைக்கவில்லை. மருமகனின் சவர்க்கார மணம்கூடப் பிடிக்கவில்லை, பாவம் அவர் வெறும் தண்ணீரில் குளித்தார்.

எங்கள் பெத்தா செய்ததுபோல நானும் இஞ்சியில்தான் தொடங்கினேன். தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, தேசிக்காய் பிழிந்து, ஒரு தம்ளர் நிறையக் கொடுத்தேன். குடித்த வேகத்தில் சத்தி எடுத்தாள், நெஞ்செரிவு வேறு. பிறகு கிளினிக்கில் டொக்டர் விளக்கமாகச் சொன்னார். இஞ்சியைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பல இடங்களில் பரிசோதித்திருக்கிறார்களாம். அப்படிப் பரிசோதித்த அளவு பெரும்பாலும் காய்ந்த இஞ்சியான வேர்க்கொம்புத் தூள் ஒரு நாளைக்கு 1 கிராம்தான், அதையும் கால் கால் கிராமாக நாலு தரம். ஓங்காளம் குறையும், சத்தி அவ்வளவாகக் குறையாது என்றார். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர்கள் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு இஞ்சித் தண்ணீரை ஆறவைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். அப்போது தங்கியது.

கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்தேன். வாய்க் கசப்புக்கு நல்லது என்றாள், மருந்தாக வேலை செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. அதைவிட, தேசிக்காயை வெட்டிக் கையில் வைத்து மணந்துகொண்டிருந்தது உதவியது. குசினிப் பக்கம் போகும்போதெல்லாம் கையில் ஒரு பாதி இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய உதவி, வயிற்றை வெறுமையாக விடாததுதான். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டின்னில் கிறீம் கிறேக்கர் வைத்திருந்தோம். காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே ஒன்று, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் எழும்புவாள். அப்புறம் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரண்டு வாய். சுடச்சுடச் சாப்பாட்டில் மணம் எழும்பும், ஆறினால் எழும்பாது. எங்கள் எருமைத் தயிரில் ஆறின சோற்றைப் பிசைந்து உப்புப் போட்டுக் கொடுத்தால் அவளுக்கு இறங்கும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்க விடாதே, இடையில் குடிக்கட்டும்.

ஓய்வுபெற்ற தாதி ஒருவர் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார். அவர் கையில் ஓர் இடம் காட்டினார். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவில். அதைப் பெருவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சீனர்களின் வைத்திய முறையாம். பலன் உண்டென்று சில ஆய்வுகள், இல்லையென்று சில. பஸ்ஸில் போகும்போது மகள் அதைப் பிடித்துக்கொண்டே வருவாள், தனக்கு ஆறுதலாக இருக்கிறது என்பாள். கெடுதல் இல்லாத ஒன்றை ஏன் தடுக்க வேண்டும்? மாமாங்கக் கோயிலில் நூல் கட்டியதையும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் ஒரு சூரணம் வந்தது. தெரிந்த ஒருவர் நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார். அதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. நான் கொடுக்கவில்லை. மூலிகை என்றாலே பிள்ளைக்குப் பயமில்லை என்று நினைக்காதே. கற்றாழை குடலைக் கலக்கிவிடும், பப்பாசிக்காயை நாங்களே தொடவிட மாட்டோமே. யார் எதைக் கொண்டுவந்தாலும், இப்போது அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேள்.

இனி என் பிழை. ஒன்பதாம் வாரம் மூன்று நாள் அவளுக்குத் தண்ணீரும் தங்கவில்லை. சலம் பிளேன்டீ நிறத்தில், நாளைக்கு இரண்டு தரம்தான் போனது. நான் சொன்னது என்ன தெரியுமா? “எல்லாருக்கும் உள்ளதுதான் மகள், நானும் உன்னைச் சுமந்தபோது இப்படித்தான்.” அதைச் சொல்லிச் சொல்லி மூன்று நாளைக் கடத்தினேன். நாலாம் நாள் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தா. நாக்கைப் பார்த்தா, எத்தனை தரம் சலம் போனது என்று கேட்டா, நிறை பார்த்தா. முன்பு 50 கிலோ இருந்தவள் 47. நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கு மேல் நிறை குறைந்தால் அது சாதாரண மசக்கை இல்லை, உடனே கொண்டுபோங்கள் என்றா. ஆஸ்பத்திரியில் சலத்தைச் சோதித்தார்கள், அதில் கீற்றோன் கலந்திருந்தது. உணவு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கிறதாம். முதலில் தயமின் என்கிற விற்றமின் ஊசி, பிறகு சேலைன். பல நாள் சாப்பிடாத உடம்புக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைப் பாதிக்கும் என்றும் சொன்னார்கள். மூன்று நாள் வார்ட்டில் கிடந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு அனுப்பும்போது விற்றமின் பி6 குளிசையும் சத்திக்கான குளிசையும் கொடுத்தார்கள். சம்பந்தி வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. தாலிடோமைட் என்ற குளிசை 1957 இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மசக்கைக்கென்று எத்தனையோ பெண்கள் விழுங்கி, 10,000 க்கு மேற்பட்ட பிள்ளைகள் கை கால் குறைந்து பிறந்தார்கள். 1961 இல்தான் நிறுத்தினார்கள். அந்தக் கதையைக் கேட்டவர்கள் பயப்படத்தானே செய்வார்கள். ஆனால் இப்போது டொக்டர்மார் கொடுப்பவை பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவை. கடையில் நீயாக வாங்காதே, கிளினிக்கில் தந்தால் பயப்படாமல் கொடு.

இன்னொன்று, இது உன் மகளுக்காகவே எழுதுகிறேன். என் மகளைச் சிலர் “செல்லம் கூடிப்போச்சு”, “எல்லாம் மனசுதான்” என்றார்கள். கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பத் தொடங்கினாள். 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் மார்லெனா ஃபெய்சோவும் வெளியிட்ட ஆய்வைப் பற்றி வாசித்தேன். வயிற்றுப் பிள்ளையின் பக்கமிருந்து ஜிடிஎஃப்15 என்ற ஓமோன் தாயின் இரத்தத்தில் ஏறி, மூளையில் சத்தியைத் தூண்டுகிற இடத்தைப் போய்த் தொடுகிறதாம். கர்ப்பத்துக்கு முன் உடம்பில் அது குறைவாக இருந்த பெண்களுக்குத்தான், பழக்கமில்லாததால், கடுமையாக அடிக்கிறதாம். அந்த ஃபெய்சோவுக்கே இந்தக் கடுமையான மசக்கை வந்து, 1999 இல் பிள்ளையை இழந்திருக்கிறா. அவவின் சொல்லையும் அப்போது டொக்டர் பெரிதாக எடுக்கவில்லை. இதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்ப நான் நடிக்கேல்லை என்ன அம்மா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் கிடக்கிறது, மச்சாள். என் பிள்ளை இப்படிக் கேட்கும்வரைக்கும் நான் விட்டிருக்கிறேன்.

பெரும்பாலும் ஒன்பதாம் வாரம்தான் உச்சம், பிறகு பதினாறு இருபது வாரத்துக்குள் தணியும். அவளுக்குப் பதினைந்தில் விட்டது. முதன்முதல் கேட்டது நெத்தலிப் பொரியல்! பேரனுக்கு இப்போது நாலு மாதம், குப்புறப் படுக்கப் பார்க்கிறான்.

உன் மகள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சலம் போகிறாள், என்ன நிறம் என்று இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதிவை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்காவிட்டால், தலை சுற்றி விழப் பார்த்தால், சத்தியில் இரத்தம் கண்டால், இரவென்றாலும் கொண்டுபோ. காய்ச்சலோ வயிற்று வலியோ இருந்தால் அது மசக்கையே இல்லாமலும் இருக்கலாம்.

வேர்க்கொம்பும் கொஞ்சம் தேசிக்காய் ஊறுகாயும் அக்கரைப்பற்று பஸ்ஸில் வருகிற தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். ஞாயிறு பின்னேரம் கோல் எடுப்பேன். ஃபோனை மகளிடம் கொடு, அவள் சொல்வதை நான் கேட்க வேண்டும்.

உன் அன்பு மச்சாள்