கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அஃபிலியேட் மார்க்கெட்டிங் (பிறர் பொருளை இணையத்தில் பரிந்துரைத்து, நம் லிங்க் வழியாக விற்றால் கமிஷன் வாங்கும் தொழில்) பற்றி வந்த கட்டுரை, புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் நல்ல கோர்ஸ் ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும் என்று முடிந்திருந்தது. நல்ல கோர்ஸை எப்படி அடையாளம் காண்பது என்று அதில் இல்லை. புதியவர்களின் பணம் போவது அந்த இடத்தில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

சொல்லித் தருகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மிக்ஸி, ஹோஸ்டிங் (இணையதளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் இடம்), காலணி என்று வேறு ஏதாவது பொருளைப் பரிந்துரைத்து அவர் சம்பாதிக்கும் தளத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், இணைய ஆவணக் காப்பகமான வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டு, தளம் எத்தனை வருடமாக இருக்கிறது, நடுவில் எப்படி மாறியது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. காட்ட மறுப்பவர்கள் "போட்டியாளர்கள் காப்பியடிப்பார்கள்" என்பார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தளத்தைக் காட்டாவிட்டாலும் பழைய ஒன்றையாவது பிரித்துக் காட்டலாமே. எதுவுமே இல்லையென்றால், அவருடைய தொழில் அஃபிலியேட் மார்க்கெட்டிங் அல்ல, கோர்ஸ் விற்பது.

இதில் மோசமான வகை, சேர்ந்த பிறகு அதே கோர்ஸை அடுத்தவருக்கு விற்கக் கற்றுத் தருவது. 2018 ஜூனில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நீதிமன்றம் போய் நிறுத்திய, இணையத் தொழில் கற்றுத் தருவதாகச் சொன்ன 'மோப்' (MOBE) திட்டம் இப்படித்தான் நடந்தது. 49 டாலருக்கு 21 படிகள் கொண்ட பாடம் என்று தொடங்கி, படிகளின் நடுவே மேல்நிலை உறுப்பினராகச் சொல்லி, சிலரிடம் பல்லாயிரம் டாலர் வரை வாங்கினார்கள். சேர்ந்தவருக்கு வருமானம் என்று காட்டப்பட்டது, அதே உறுப்பினர் நிலைகளை இன்னொருவருக்கு விற்றால் கிடைக்கும் கமிஷன். ஆகவே விளம்பரத்தில் உள்ள விலையை மட்டும் பார்க்காமல், அதை வாங்கிய பிறகு வேறு என்னென்ன வாங்கச் சொல்வீர்கள், அவற்றின் விலை என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, வாங்கலாமா என்று தேடும்போது வரும் விமர்சனங்கள். அவற்றில் பலவற்றை எழுதியவர்களுக்கு அந்தக் கோர்ஸ் விற்றால் கமிஷன் உண்டு. "இங்கே சேரலாம்" பொத்தானின் மேல் மவுஸை வைத்து, கீழே தெரியும் முகவரியைப் படியுங்கள். கேள்விக்குறிக்குப் பிறகு 'ref' (ரெஃப்) அல்லது 'aff' (அஃப்) என்று தொடங்கி ஒரு பெயரோ எண்ணோ வாலாகத் தொங்கினால் அது பெரும்பாலும் கமிஷன் லிங்க். சுருக்கிய லிங்காக இருந்தால் அழுத்தியபின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். கமிஷன் வாங்குவது தவறில்லை. அதை மேலேயே சொல்லாமல் மறைப்பதுதான் தவறு.

வருமான ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். உலாவியில் எந்த எண்ணின் மேலும் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' போய் 40 என்பதை 40,000 ஆக்க அரை நிமிடம் போதும். படம் உண்மையாகவே இருந்தாலும், விளம்பரச் செலவும் திரும்பி வந்த பொருள்களுக்காகப் பிடிக்கப்பட்ட கமிஷனும் அதில் தெரியாது.

கட்டணத்தை எப்போது மீட்கலாம் என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். உங்கள் பக்கத்துக்கு 1,000 பேர் வருகிறார்கள், 5 சதவீதம் பேர் லிங்கை அழுத்துகிறார்கள், அந்த 50 பேரில் 2 சதவீதம், அதாவது ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 4 சதவீதம். கோர்ஸின் கட்டணம் அந்தப் பொருளின் விலையைப் போல் 10 மடங்கு என்றால், போட்ட பணம் திரும்பவே 250 விற்பனை வேண்டும். அதற்கு இரண்டரை லட்சம் பேர் வர வேண்டும். விகிதங்கள் துறைக்குத் துறை மாறும், உங்கள் துறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் புதுத் தளம் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட எவ்வளவு காலம் ஆகும் என்று விற்பவரிடம் கேளுங்கள். "30 நாளில்" என்று பதில் வந்தால், அவ்வளவு பேரும் எந்த வழியில் வருவார்கள் என்று விடாமல் கேளுங்கள். பெரும்பாலும் விளம்பரத்துக்குக் காசு கொடுத்து என்பதுதான் பதிலாக இருக்கும். அந்தக் காசு கோர்ஸ் கட்டணத்தில் சேராது.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை, கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்பது முக்கியம். 2024 மார்ச்சில் கூகுள், தேடலில் இடம் பிடிப்பதற்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை, மென்பொருள் எழுதினாலும் மனிதர் எழுதினாலும், ஸ்பேம், அதாவது தேடலில் இருந்து ஒதுக்க வேண்டிய குப்பை என்று அறிவித்தது. ஒரே வாரத்தில் நூறு கட்டுரை போடச் சொல்லும் பழைய வீடியோவை நம்பினால் தளமே தேடலில் இருந்து காணாமல் போகலாம். கமிஷனும் நிலையில்லை. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் மரச்சாமான்களுக்கான விகிதத்தை ஒரு வார அவகாசத்தில் 8-லிருந்து 3 சதவீதமாக்கியது. ஒரே நிறுவனத்தின் திட்டத்தை மட்டும் நம்பச் சொல்லும் பாடம் இதற்கு வழி சொல்கிறதா என்று பாருங்கள்.

விதிகளைச் சொல்லித் தருகிறார்களா என்பதும் நல்ல உரைகல். அமேசான் லிங்கை அழுத்தியவர் 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போட்டால்தான் கமிஷன் கணக்கில் வரும். புதுக் கணக்கில் 180 நாளுக்குள் 3 விற்பனை வராவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். நம் லிங்கில் நாமே வாங்கியது சேராது. இவை அவர்களுடைய உதவிப் பக்கங்களிலேயே இலவசமாக இருக்கின்றன. தேடலுக்கு ஏற்பப் பக்கம் அமைக்கும் அடிப்படைகளையும் கூகுள் இலவச வழிகாட்டியாகக் கொடுத்திருக்கிறது. முதல் மூன்று மாதங்களுக்குத் தேவையானது அநேகமாக இவ்வளவுதான். பாட்டுப் பெட்டி, சமையல் பாத்திரம், எதுவானாலும் நீங்கள் உண்மையில் பயன்படுத்திய ஒரு பொருளைப் பற்றி ஐந்து பக்கம் எழுதிப் போட்டு, எங்கே தடுமாறுகிறீர்கள் என்று தெரிந்த பிறகு கோர்ஸ் தேடுங்கள். அப்போது கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

காசு கொடுத்து வாங்கத் தக்கது, நீங்கள் எழுதிய பக்கத்தை ஒருவர் படித்துத் திருத்தித் தருவது. பதிவு செய்த வீடியோக்களில் அது கிடைக்காது. வாரத்துக்கு எத்தனை பக்கம் பார்ப்பார், பார்ப்பவர் அவரா உதவியாளரா, எத்தனை மாதம் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ரீஃபண்ட். "30 நாள் உத்தரவாதம்" என்ற வரிக்குக் கீழே, எல்லாப் பாடங்களையும் முடித்து எல்லாப் பயிற்சிகளையும் சமர்ப்பித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கக்கூடும். பாடங்கள் வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரத்தில் திறக்கும் என்றால், 30 நாளில் அவற்றை முடிக்கவே முடியாது. உத்தரவாதம் இருந்தும் பணம் வராது. நாள் கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். "இன்று இரவு 12 மணியோடு சலுகை முடிகிறது" என்று ஓடும் கடிகாரத்தை, நம்ப வேண்டாம்; மறுநாள் வேறொரு உலாவியில் அதே பக்கத்தைத் திறந்து, கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

இனி இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, அதில் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கப்படும் கோர்ஸிடமிருந்து எழுதியவருக்கோ இதழுக்கோ கமிஷன் அல்லது விளம்பரப் பணம் வருகிறதா என்பதைக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே ஒரு வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்