திகதியும் அளவும் எழுதித் தந்தவர்களுக்கு

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் கமம் செய்யும் நாங்கள், கமக்காரருக்கும் திணைக்களங்களுக்கும் இடையில் நடக்கும் பேச்சைக் காரியமாக்கித் தருபவர்களுக்கு இந்த மடலை எழுதுகிறோம். பொன்னாடை போர்த்தினால் அதை அன்றைக்கே மடித்து அலுமாரியில் வைத்துவிடுவார்கள். செய்த வேலை இன்னதென்று எழுதி வைத்தால் வருகிற போகத்துக்கும் உதவும்.

முதல் நன்றி, சிறுபோகக் கூட்டத்துக்கு, அதாவது கோடை நெற்செய்கை எவ்வளவு என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கு, முன்னரே குளத்து நீரின் அளவைத் தாளில் தரும் நீர்ப்பாசன உத்தியோகத்தர்களுக்கு. 36 அடி கொள்ளும் குளத்தில் 27 அடி நிற்கிறது என்றால் முக்கால் குளம் தண்ணீர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். குளம் அடியில் ஒடுங்கி மேலே விரிவது. மேல் ஓர் அடியில் நிற்கிற தண்ணீர் கீழ் ஓர் அடியில் நிற்காது. அடியை ஏக்கரடியாக, அதாவது ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அளவாக, மாற்றித் தந்தால்தான் பேச்சில் பொருள் இருக்கும். கையிருப்பு 30,000 ஏக்கரடி என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது, குடிநீருக்கு ஒதுக்குவது, துருசுக்குக் (மதகுக்குக்) கீழே தங்குவது எல்லாவற்றுக்குமாக 6,000 கழித்தால் மிச்சம் 24,000. ஏக்கருக்கு 4 ஏக்கரடி என்றால் 6,000 ஏக்கர்தான் விதைக்கலாம். தீர்மானத்துக்கு மேலாக 500 ஏக்கர் விதைத்தால் இன்னும் 2,000 ஏக்கரடி வேண்டும். அது எங்கிருந்து வரும்? வாய்க்கால் நுனியில் கிடக்கும் வயலில், கதிர் பால் பிடிக்கும் நேரத்துத் தண்ணீரிலிருந்துதான். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பிறகு, பங்குச் சண்டையில் பாதி தானாக அடங்கும்.

அடுத்த நன்றி, கூட்டக் குறிப்பை எழுதும் பிரதேச செயலக, கமநல சேவை நிலைய உத்தியோகத்தர்களுக்கு. பருவக் கூட்டத்துத் தீர்மானம் வெறும் வாய்ப்பேச்சு அல்ல, சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. ஆனால் "விரைவில் விதைக்க வேண்டும்" என்று எழுதிய தீர்மானத்தை யார் மீது செலுத்துவது? வாய்க்கால் துப்புரவு முடியும் நாள், முதல் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பின் கடைசி நாள், மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்றும் நாள், துருசு பூட்டும் நாள், விதைக்கும் நெல்லினத்தின் வயது ஆகிய ஆறும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் அதிகம் மறப்பார்கள். ஒரே வாய்க்காலில் ஒருவர் மூன்று மாதத்துப் பிஜி 300 உம் அடுத்தவர் மூன்றரை மாதத்து ஏடி 362 உம் விதைத்தால், பின்னவருக்காகத் துருசை இரண்டு கிழமை கூடத் திறந்து வைக்க வேண்டிவரும். வெட்டுக்கு நிற்கும் வயலில் ஈரம் காயாது, இயந்திரம் புதையும். முன்னும் பின்னுமாக விளையும் வெளியில் அறக்கொட்டிப் பூச்சியும் ஒரு வயல் விட்டு மறுவயல் தாவும்.

மாட்டுக்காரருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர்களைக் கூப்பிடாமலே அகற்றும் நாளைக் குறித்துவிட்டு, பிறகு கட்டாக்காலி என்று ஏசுவது நியாயமில்லை. மேய்ச்சல் தரை எங்கே என்று அவர்கள் கேட்கிற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளை அன்றைக்கே தமிழில் எழுதித் தந்த இளைஞர்களையும் மறக்க மாட்டோம். அந்த அறிவித்தல்கள் எங்களுக்கு ஏன் உடனே வேண்டும்? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் நீங்கியது. இடையில் காலபோக (மாரிகால) விதைப்பும் முதல் உரமிடும் காலமும் கடந்துவிட்டன. பயிரின் நாட்காட்டியைக் கமக்காரரிடம் கேட்காமல் எடுத்த முடிவுக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

நெல் விலைப் பேச்சுக்கு ஈரமானியோடு வந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. அரச கொள்வனவு கேட்பது 14 வீத ஈரப்பதன். இயந்திரத்தால் வெட்டியவுடன் நெல் அதைவிட ஈரமாக இருக்கும். 20 வீத ஈரத்தில் உள்ள 100 கிலோ, 14 வீதத்துக்குக் காயும்போது ஏறக்குறைய 93 கிலோவாகும். ஆகவே ஈரத்துக்காக 7 கிலோ கழித்தால் நியாயம், 12 கிலோ கழித்தால் கேட்கலாம். காய வைக்கத் தளம் இல்லாதவர் வீதியில் பரப்புகிறார் அல்லது வயலடியிலேயே பச்சை நெல்லாகக் கொடுத்துவிடுகிறார். அதனால் விலையோடு சேர்த்துக் களஞ்சியம் திறக்கும் நாளையும் தளத்தையும் கேட்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னவர்கள் அவர்கள்தான். களஞ்சியம் வெட்டுக்கு முன் திறக்காவிட்டால், அறிவித்த விலை பத்திரிகையில் மட்டும்தான் இருக்கும்.

காலபோகக் கூட்டத்துக்கு வரும் கமக்கார அமைப்புச் செயலாளர்கள் சென்ற கூட்டக் குறிப்பின் பிரதியைக் கையோடு கொண்டு வாருங்கள். எந்தத் தீர்மானம் நடந்தது, எது நடக்கவில்லை, பொறுப்பு யாருடையது என்று ஓரத்தில் குறித்து வந்தால் முதல் அரை மணித்தியாலத்தை அதற்கே கேட்டு வாங்கலாம்.

அன்புடன்,
இரணைமடு வலதுகரை, இடதுகரைக் கமக்காரர்