கங்கா தலாவ் குட்டியும் உன் பேத்தியும்

காத்ர் போர்ன், மொரிசியஸ்
மே 11

அன்புள்ள சுந்தரம்,

பேத்தி பிறந்த சேதி வந்தது, சந்தோஷம். 'கழுத்து நிற்கவில்லை, தூக்கவே கை நடுங்குகிறது' என்று எழுதியிருக்கிறாய். மூன்று பிள்ளை வளர்த்தவன் பேசுகிற பேச்சா இது?

போன ஞாயிறு கங்கா தலாவ் என்கிற கோயில் ஏரிக்குப் போயிருந்தோம். யாரோ படைத்த வாழைப்பழத்தை ஒரு ஸாக்கோ தூக்கிக்கொண்டு மதிலில் தாவியது. (குரங்குக்கு இங்கே அதுதான் பெயர். 400 வருஷம் முன்னே கப்பலில் வந்த நீள்வால் சாதி.) வயிற்றடியில் கறுகறுவென்று ஒரு குட்டி. தாய்க்கு இரண்டு கையும் பழத்தில். குட்டிதான் உடும்புப்பிடியாகத் தொங்கிற்று. நம் தமிழய்யா நடத்திய மர்க்கட நியாயமும் (குட்டியே தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு வழி) மார்ஜார நியாயமும் (தாயே குட்டியைக் கவ்விப்போகும் பூனை வழி) ஞாபகம் வந்தன.

எம்ஆர்ஐ அறையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்குப் புத்தி வேறெங்கே போகும்? அந்தக் குட்டி பிறக்கும்போதே மூளை பாதிக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. நம் பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்குதான். முதன்முதலில் பச்சைக்குழந்தை படம் எடுத்தபோது ஏதோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். பெரியவர்கள் மூளையில் உள்பக்கம் வெளுப்பாகவும் ஓரம் சாம்பலாகவும் தெரியும்; அதில் எல்லாம் தலைகீழ். நரம்பிழைகளின் மேல் மையலின் என்ற கொழுப்புறை இன்னும் படியவில்லை, அவ்வளவுதான். நெற்றிப்பக்கம் அது படிந்து முடிய இருபது வயசு தாண்டிவிடும்.

குரங்குக் குட்டி மூளையோ எலுமிச்சை அளவு. நமக்குப் படமெடுக்கும்போது மூளையை ஒரு மில்லிமீட்டர் கனசதுரக் கட்டங்களாகப் பிரிப்போம்; அந்த அளவு அதற்குப் போதாது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் சிக்னல் எட்டில் ஒன்றாகிவிடும். பழைய தெளிவு வேண்டுமானால் எட்டெட்டு 64 மடங்கு நேரம். பாலூட்டித் துணியில் சுற்றிப் படுக்கவைத்த பிள்ளை அரைமணி நேரம் தூங்கினால் நமக்குக் கொண்டாட்டம், ஒரு விக்கல் வந்தால் எல்லாம் போச்சு. அதனால் மிக நுணுக்கமான வரைபடங்களை, செத்த குட்டியின் மூளையை ஃபார்மலினில் வைத்து, மணிக்கணக்காகப் படமெடுத்துத்தான் செய்கிறார்கள். எங்கள் தீவிலிருந்துதான் இந்தக் குரங்குகள் ஆயிரக்கணக்கில் ஆய்வகங்களுக்கு விமானம் ஏறுகின்றன. உறுத்துகிறது. ஆனாலும் படம் கிடைத்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

உன் பேத்தி பூனைக்குட்டி வகை. கழுத்தடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கு, ஒன்றும் ஆகாது. என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுது.

உன்,
ராமலிங்கம்