ஒரே கதைப் புத்தகம், ஆறு பிரதி வேண்டும்

பெற்றோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

முதலில் இந்த ஒரு வரியைப் படியுங்கள்: 'மொறுவன் நேற்றுச் சிடலியைப் பிடுக்கினான்.' யார் பிடுக்கியது? மொறுவன். எதை? சிடலியை. எப்போது? நேற்று. மூன்றுக்கும் முழு மதிப்பெண் போடலாம். ஆனால் சிடலி என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது; அப்படி ஒரு சொல்லே கிடையாது. ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து விடை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகளில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். கேள்வியில் இருக்கும் சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடுகிறார்கள், அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் விழுந்துவிடுகிறது. அதனால் இது ஒரு குறை என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

எங்கள் மாலை வாசிப்பு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, உச்சரிப்பில் பிசிறே கிடையாது, ஒரு பத்தியைக் கடகடவென்று வாசித்தாள். அதில் ஒரு வரி: 'ஷி ஷுக் ஹர் அம்ப்ரெல்லா அண்ட் கேம் இன்.' குடையை உதறிவிட்டு உள்ளே வந்தாள், அவ்வளவுதான். "வெளியே மழையா, வெயிலா?" என்று கேட்டோம். அவள் விரலை வைத்து வரி வரியாகத் தேடினாள். கடைசியில் நிமிர்ந்து, "மழைன்னு எங்கேயும் போடலையே" என்றாள். குடையை ஏன் உதறுவார்கள் என்று தமிழில் கேட்டதும் சிரித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாத விஷயமே அதில் இல்லை. ஆங்கிலம் படிக்கும்போது யோசிக்கலாம் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, அதுதான் விஷயம்.

இதில் ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இது இங்கே மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் டோலோரஸ் டர்க்கின் என்ற ஆய்வாளர் நான்காம் வகுப்புகளில் வாசிப்புப் பாடத்தைக் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்து கவனித்தார். 4,469 நிமிடப் பாடத்தில், புரிந்துகொள்வது எப்படி என்று சொல்லித்தரச் செலவானது 20 நிமிடம். அதாவது, புரிந்ததா என்று சோதிப்பது நடந்தது, புரியவைக்கும் வழியைக் காட்டுவதுதான் நடக்கவில்லை. நாமும் அப்படித்தானே படித்து வந்தோம்?

சரி, நாங்கள் என்ன செய்கிறோம்? ஐந்தாறு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, எல்லார் கையிலும் ஒரே புத்தகத்தைக் கொடுக்கிறோம். ஒரு பத்தி படித்ததும் நிறுத்த வேண்டும். அந்தப் பத்திக்கு 'டீச்சர்' முறை யாருக்கு வருகிறதோ அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும், புரியாத இடத்தை எடுத்துப் போட்டு எல்லாரையும் பேசவைக்கும், படித்ததை இரண்டு வரியில் சொல்லும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும். அடுத்த பத்திக்கு வேறொரு டீச்சர். இது நாங்கள் கண்டுபிடித்த முறை அல்ல. அன்மேரி பாலின்சார், ஆன் பிரௌன் என்ற இருவர் 1984இல் எழுதிய ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டது. தமிழில் பேசிக்கொள்ளத் தடை இல்லை. யோசனை எந்த மொழியில் ஓடினாலும் எங்களுக்குச் சம்மதம்.

பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னச் சொற்கள்தான். 'இட்' என்று வந்தால் எதைச் சொல்கிறது? 'அன்லெஸ்' (இல்லாவிட்டால்) என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டால் வாக்கியமே தலைகீழாகிவிடும். கடினமான சொல்லுக்காவது அகராதி இருக்கிறது. இவற்றுக்கு நிறுத்தி நிதானமாகப் பேசினால்தான் உண்டு.

இப்போது பணத்துக்கும் புத்தகத்துக்கும் வருகிறோம். சென்ற ஆண்டு நாங்களே ஒரு தவறு செய்தோம். கையில் இருந்த நன்கொடையில் பெரும்பகுதியை விடைகளோடு கூடிய பயிற்சி நூல்கள் வாங்கச் செலவழித்துவிட்டோம். இரண்டே வாரத்தில் விடைகள் எல்லாருக்கும் மனப்பாடம், கேள்வி எண்ணைச் சொன்னாலே போதும்! அந்தக் கட்டு இன்னும் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது.

எங்களுக்குத் தேவை எளிய கதைப் புத்தகங்கள். எளிய என்றால் எவ்வளவு எளிது? துணை இல்லாமல் ஒரு பக்கத்தைப் புரிந்து படிக்க, அதில் உள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் சொல்வள ஆய்வாளர் பால் நேஷன். ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிது. நீங்கள் கல்லூரியில் ரசித்த நாவல் பெரும்பாலும் இதில் தேறாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். படிநிலைப்படி எளிமையாக்கிய கதைகள், படத்துடன் வரும் சிறு அறிவியல் நூல்கள், விளையாட்டைப் பற்றியவை எல்லாம் ஓடும். பெரிய பிள்ளைகளுக்கு 'பாப்பா' புத்தகம் கொடுத்தால் முகம் சுருங்குகிறது. ஆகவே மொழி எளிதாக, விஷயம் அவர்கள் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இப்படிப்பட்டவை கிடைப்பதுதான் கஷ்டம், தேடித்தான் வாங்க வேண்டும்.

அப்புறம், வட்டத்தில் எல்லார் கையிலும் புத்தகம் இருக்க வேண்டும் என்பதால் ஒரே தலைப்பில் ஆறு பிரதி தேவை. ஐந்து குழுக்கள் நடக்கின்றன. குழுவுக்கு நான்கு தலைப்பு என்று வைத்தால் மொத்தம் 120 பிரதிகள். பருவம் முடிந்ததும் குழுக்கள் புத்தகங்களை மாற்றிக்கொள்ளும். ஒருவர் ஒரு தலைப்பின் ஆறு பிரதிகளை ஏற்றுக்கொள்ளலாம், இருவர் சேர்ந்தும் ஏற்றுக்கொள்ளலாம். அவ்வளவு முடியாதென்றால் முடிந்ததைத் தாருங்கள், சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். பணமாகத் தருவோர் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளவும். வரவு செலவுக் கணக்கு வகுப்பறைச் சுவரில் மாதாமாதம் ஒட்டப்படும். எங்களில் யாரும் சம்பளம் வாங்குவதில்லை, அதற்காக ஒரு காசும் போகாது.

வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு குழுவோடு உட்கார முடிந்தவர்களும் தேவை. சரளமாக ஆங்கிலம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. புரியாத இடத்தில் "எனக்கும் புரியலை, திரும்பப் படிப்போம்" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சப்படாதவராக இருந்தால் போதும். வருவோருக்கு இரண்டு மாலைப் பயிற்சி தருகிறோம்.

பழைய புத்தகமானாலும் சரி, ஓரம் கிழிந்திருந்தாலும் ஒட்டிக்கொள்கிறோம். வரிகளுக்கு மேலே யாராவது பென்சிலால் தமிழில் பொருள் எழுதி வைத்திருந்தால் மட்டும் அழித்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

இப்படிக்கு,
மாலை வாசிப்பு வகுப்புக் குழு