தெற்கே விழுந்த நிழல்

பெரம்பூர், சென்னை
20.8.2023

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல், அடுப்படிப் பக்கம் போகவிடாதே. நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த வருடம் நம் வகுப்புகளுக்கும் வந்துவிட்டதால் பயிற்சி, பதிவேடு என்று நாள் ஓடுகிறது.

வாராவாரம் பிள்ளைகள் கையால் செய்கிற மாதிரி என்ன கொடுக்கிறாய் என்று கேட்டிருந்தாய். பட்டியல் போட்டு அனுப்பலாம்தான். ஆனால் எனக்கு இப்போது ஒன்றைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது. ஒரு குழாய், அதன் நிழல், அவ்வளவுதான்.

ஜூன் 14 பள்ளி திறந்த வாரமே ஆரம்பித்தோம். காலி பெயின்ட் டப்பாவில் சிமெண்ட் கலவை ஊற்றி, தரைக்கு மேல் ஒரு மீட்டர் நிற்கும்படி பி.வி.சி. குழாயை நட்டோம். ஒரு பெண்ணின் அப்பா கொத்தனார். அவர் தூக்குக்குண்டு கொண்டுவந்து குழாயை நேராக்கிக் கொடுத்தார். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெள்ளிக்கிழமைதோறும் 12 மணி தாண்டியதும் வெளியே போய், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைப்போம். இருப்பதிலேயே குட்டை நிழல்தான் அந்த வாரக் கணக்கு. அதே நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, தேதி எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். சாப்பாட்டு மணிக்குள் வேலை முடிந்துவிடும்.

முதல் பட்டை 18 செ.மீ. அடுத்த வாரமும் 18. அதற்கடுத்ததும் கிட்டத்தட்ட அதேதான். "டீச்சர், இது மாறவே மாறாது, வேற ஏதாவது பண்ணலாம்" என்றது பின்வரிசை. ஜூன் 21 வாக்கில் சூரியன் வடக்கு எல்லைக்குப் போய்த் திரும்புகிற நேரம், அதனால் அந்த வாரங்களில் நிழல் அசையாதது போலத்தான் இருக்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜூலை 21-இல் 13 செ.மீ. ஆனது. ஆகஸ்ட் 4-இல் 7, பதினொன்றாம் தேதி 4. சுவரில் பட்டைகள் படிக்கட்டாக இறங்கத் தொடங்கியதும் யாரும் கூப்பிடாமலே குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். மேகம் மறைத்துவிட்டால் அழாத குறைதான்.

உச்சி வேளையில் நிழல் காலடியில் சுருண்டுவிடும் என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? சென்னையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து அப்படி ஆவது வருடத்தில் இரண்டே நாள்தான், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். ஏப்ரல் தேர்வு நேரத்தில் போய்விடுகிறது. ஆகஸ்ட் நமக்குத் தோதானது, அதுவும் இந்த வருடம் வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. முந்தின வாரம் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில், அடுத்த முறை நிழல் எவ்வளவு இருக்கும், எந்தப் பக்கம் விழும் என்று எழுதி வாங்கினேன். 'இருக்காது' என்று சிலர். 'மறுபடி வளரும்' என்று ஒருத்தி. ஒரு பையன் மட்டும் 'பூமிக்குள்ள போய்டும்' என்று எழுதியிருந்தான். நான் இன்னும் அந்தச் சீட்டைத் தூக்கிப் போடவில்லை.

நேற்று முன்தினம் மேகம் வந்து வந்து போனது. 12.13-க்கு நல்ல வேளையாக விலகியது. குழாயைச் சுற்றி எந்தப் பக்கமும் நிழல் இல்லை. பையன்கள் தங்கள் காலைச் சுற்றித் தேடுகிறார்கள், தண்ணீர் பாட்டிலை நிறுத்திப் பார்க்கிறார்கள், ஒருவன் செருப்பைக் கழற்றிச் செங்குத்தாகப் பிடிக்கிறான். ஹெச்.எம். வராந்தாவில் நின்று "வெயில்ல நிக்காதீங்க" என்று கத்திக்கொண்டே வந்தவர், வந்து தன் நிழலையும் தேடினார்.

இதில் எனக்குப் பிடித்தது பொருள் இல்லை, அது வாராவாரம் திரும்பி வருவதுதான். நாம் பயிற்சியில் படித்த செயல்வழிக் கற்றலை நினைத்துப் பார். 2003-இல் இங்கே மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியதாயிற்றே. ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்திய பாட அட்டைகள், அவற்றை வைக்கிற தட்டு, பாயில் வட்டமாக உட்காருவது. பிள்ளை தன் வேகத்தில் போனது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அட்டை முடிந்தால் அதோடு முடிந்தது. இங்கே போன வாரம் எழுதிய ஊகத்துக்கு இந்த வாரம் தரையில் பதில் கிடைக்கிறது. தப்பானால் யாரும் திட்டுவதில்லை, அடுத்த சீட்டை இன்னும் யோசித்து எழுதுகிறார்கள்.

தெர்மாகோல் மாடல்களைக் கண்டாலே எனக்கு ஆவதில்லை. மழைநீர் சேகரிப்பு மாடல் செய்து வா என்றால், ஸ்டேஷனரி கடையில் எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டாகவே விற்கிறார்கள். ராத்திரி அம்மா ஒட்டுகிறாள், பிள்ளை தூங்குகிறது. ஐப்பசி மழை தொடங்கட்டும், நேரான பாட்டிலை வெட்டி, மேல் பாதியைப் புனலாகக் கவிழ்த்து மழைமானி வைக்கப் போகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். பள்ளி மாடியின் நீள அகலத்தை அளந்துவிட்டால், ஒரு மழையில் எத்தனை குடம் தண்ணீர் என்று அவர்களே போட்டுவிடுவார்கள். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. தென்காசியில் நிழல் இல்லாத நாள் ஆகஸ்ட் 30 வாக்கில்தான். அதுவரை உங்கள் ஊரில் உச்சி நிழல் தெற்கே விழும். சூரியன் எங்களைத் தாண்டித் தெற்கே போய்விட்டதால் எங்களுக்கு இனி வடக்கே. வருகிற வெள்ளிக்கிழமை இங்கே சுமார் 4 செ.மீ. வடக்குப் பக்கம், அங்கே சுமார் 3 செ.மீ. தெற்குப் பக்கம். ஒரே சூரியன், ஒரே நாள்! என் பிள்ளைகளிடம் இதை நான் சொல்லவில்லை, உன் போட்டோவைக் காட்டி அவர்களையே கேட்கப் போகிறேன். பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்த கணக்கும் இந்த இரண்டு நிழலில் இருக்கிறது. அது பிள்ளைகளுக்கு வேண்டாம், லீவில் நாம் இருவரும் போட்டுப் பார்ப்போம்.

ஆனால் 25-ஆம் தேதிதான் உங்கள் பள்ளியில் அரசின் காலை உணவுத் திட்டம் தொடங்கும் நாள் என்பது தெரியும். ஆள் அம்பு எல்லாம் வந்து இறங்கும். இருந்தாலும் உச்சி வேளைக்குள் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் மேற்கே இருப்பதால் எங்களுக்கு 12.11 என்றால் உங்களுக்கு 12.23. குழாய் கிடைக்காவிட்டால் ஒட்டடைக் கம்பு போதும், ஆனால் தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் இருக்க வேண்டும். தூக்குக்குண்டுக்குப் பதில் நூலில் கல்லைக் கட்டிக்கொள். போட்டோவில் வடக்கு எது என்று தரையில் எழுதிவிடு.

புதன்கிழமை சாயங்காலம் சந்திரயான் இறங்குவதைப் பார்க்க எதிர்வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டு டிவிக்குத்தான் வரப்போகிறார்கள். சுண்டலுக்கு ஊறப்போட வேண்டும். அம்மாவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
கலா