பேலம் குகைக்கு வேன் விடும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆந்திரப் பக்கம் கோயில் டூர் கூட்டிப்போகும் எல்லா அண்ணன்மாருக்கும் வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன தை மாதம் அம்மாவையும் ஏழாவது படிக்கும் என் பையனையும் கூட்டிக்கொண்டு உங்களில் ஒருவருடைய வேனில் வந்தேன். யாருடைய வேன் என்று சொல்லப்போவதில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, டிரைவர் அண்ணன் ராத்திரி முழுக்க கண் அயராமல் ஓட்டினார், வயசான அம்மாமார்களைக் கைபிடித்து இறக்கிவிட்டார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுதுவது நோட்டீஸில் கடைசி வரிக்கு முந்தின வரியில் இருந்த ஒரு விஷயத்தைப் பற்றி. அகோபிலம், மகாநந்தி, யாகந்தி என்று வரிசையாகப் போட்டு, அதற்குக் கீழே 'பேலம் குகை – 40 நிமிடம்' என்று போட்டிருந்தீர்கள்.

நாற்பது நிமிடம் போதாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய மடல்.

அந்தக் குகை இதுவரை அளந்தவரைக்கும் 3,229 மீட்டர் நீளம். அதில் நம்மை நடக்க விடுவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர். போக ஒன்றரை, வர ஒன்றரை என்று வைத்தால்கூட நம் அம்மாமார் நடைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நின்று பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். உள்ளே மலைக்காற்று மாதிரி ஜில்லென்று இருக்கும் என்று நினைத்து எங்கள் வேனில் பாதிப் பேர் சால்வை எடுத்து வந்தார்கள். உண்மையில் உள்ளே புழுக்கம், பத்து நிமிடத்தில் ஜாக்கெட் நனைந்துவிட்டது. மேலிருந்து குழாய் போட்டுக் காற்று இறக்குகிறார்கள், அந்தக் குழாய் வாய்க்குக் கீழே நின்றால்தான் மூச்சு சீராகிறது. ஆஸ்துமா இருக்கும் ஒரு பெரியம்மா பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். இது தெரிந்திருந்தால் அவர் மேலேயே இருந்திருப்பார், இல்லையென்றால் இன்ஹேலரைப் பையோடு வேனில் விட்டுவிட்டு வந்திருக்க மாட்டார். இதை வேனிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

சரி, அது உடம்பு சம்பந்தப்பட்டது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

கிணறு மாதிரி இருக்கும் குழிக்குள் படி இறங்கியதும், வழிகாட்டிக்குக் காத்திருக்க நேரமில்லை என்று நம் ஆட்கள் பாதிப் பேர் அவர்கள் பாட்டுக்கு முன்னாடி போய்விட்டார்கள். நாங்கள் ஒரு எட்டுப் பேர் மட்டும் அங்கிருந்த ஒரு வழிகாட்டியோடு போனோம். நாற்பது வயசு இருக்கும், தெலுங்கும் பாதித் தமிழும் கலந்து பேசினார். நான் ஒரு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து போகும்போது தலைக்கு மேல் சுண்டுவிரல் அளவில் ஒரு கல்விழுது தொங்கியது. நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். விழவும் இல்லை, வற்றவும் இல்லை, டார்ச் வெளிச்சத்தில் மூக்குத்திக் கல் மாதிரி நின்றது. நான் விரலை நீட்டிவிட்டேன். "முட்டுக்கோகண்டி அம்மா" என்றார் அவர். தொடாதீங்க என்று அர்த்தம். அதட்டிச் சொல்லவில்லை, தூங்குகிற குழந்தை பக்கத்தில் நின்று பேசுவது போலச் சொன்னார்.

ஏன் என்று என் பையன் கேட்டான். அவர் சொன்னதையும், ஊருக்கு வந்து பையனின் பாடப் புத்தகங்களையும் மற்றதையும் புரட்டிப் புரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் நீங்கள் வேனில் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன்.

நம் வீட்டில் போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தைப் பாருங்கள். அடியில் வெள்ளையாக ஓடு மாதிரி படிந்திருக்கும், தேய்த்தாலும் போகாது, எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். அந்த வெள்ளை ஓடும் குகையில் தொங்கும் விழுதும் பெரும்பாலும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலம் ஆகிறது. சுண்ணாம்புப் பாறையின் கீறல் வழியாக அது கீழே போகப்போகப் பாறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, லட்சக்கணக்கான வருடத்தில் கீறல் குகையாகிறது. அப்புறம் அதே தண்ணீர் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குகைக் காற்றுக்கு வரும்போது வாயு பிரிந்து போய்விடுகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு ஒரு துளி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. மேலிருந்து வளர்ந்தால் கல்விழுது. கீழே சொட்டிய இடத்தில் வளர்ந்தால் கல்முளை. இரண்டும் சேர்ந்தால் தூண்.

வளர்ச்சி எவ்வளவு தெரியுமா? பொதுவாக வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போல, சில இடத்தில் கூடுதலாக, சில இடத்தில் அதற்கும் கம்மியாக. நான் தொடப்போன அந்தச் சுண்டுவிரல் நீள விழுது ஐந்நூறு, அறுநூறு வருட வேலையாக இருக்கலாம். நம் கையில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அது அந்த நுனியில் ஒட்டினால் சுண்ணாம்பு அங்கே சரியாகப் படியாது, இடம் கறுத்தும் போய்விடும். ஒருத்தர் தொட்டுப் போவதைவிட, ஒருத்தர் தொட்டதைப் பார்த்து வரிசையாக ஐம்பது பேர் தொட்டுப் போவதுதான் கேடு. கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தவை வழவழவென்று கறுத்துக் கிடந்ததையும், எட்டாத உயரத்தில் இருந்தவை வேறு நிறத்தில் இருந்ததையும் நான் கண்ணால் பார்த்தேன்.

இனி நான் சொல்வதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சப்தஸ்வர குகை என்று ஒரு இடம். அங்கே தொங்கும் கற்களை மரக்குச்சியால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் கொடுக்கும். வழிகாட்டி கை முட்டியால் மெல்லத் தட்டிக் காட்டினார், கோயில் இசைத்தூண் மாதிரி நாதம் வந்தது, அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த நேரம் நம் வேன் ஆட்கள் முன்னாடி போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருத்தர் சாவிக்கொத்தால் தட்டினார், இன்னொருத்தர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் தட்டினார், ஒரு தம்பி கீழே கிடந்த கல்லை எடுத்து ஓங்கியே அடித்துவிட்டான். துணுக்கு தெறித்து விழுந்தது. "ஞாபகத்துக்கு" என்று அந்தத் துணுக்கை எடுத்து அவன் சட்டைப்பையில் போட்டான். வழிகாட்டி ஒன்றும் பேசவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அது எங்கள் வேன், எங்கள் ஊர்ப் பிள்ளை.

அந்தத் தம்பி கெட்டவன் இல்லை. வழியில் அம்மாவின் பையை அவன்தான் தூக்கி வந்தான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வேனில் அகோபிலத்துக்கு முன்னாடி மைக்கில் நரசிம்மர் ஒன்பது பேரையும் பற்றி அழகாகச் சொன்னீர்கள். யாகந்தி நந்தி வளர்கிறது என்று சொன்னீர்கள், எல்லோரும் பயபக்தியோடு தள்ளி நின்று பார்த்தார்கள், ஒருத்தர்கூடக் கல்லால் தட்டிப் பார்க்கவில்லை. குகை வந்தபோது மைக்கில் வந்தது ஒரே வரி: "நாற்பது நிமிஷம், பதினொன்றரைக்கு வண்டி கிளம்பிடும்." அங்கேயும் கல் வளர்கிறது அண்ணே.

சொல்வதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியாவின் கற்காலத்தை வெளியே கொண்டுவந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான், 1884-இல் பேலம் குகையைப் பற்றியும் பதிவு செய்தவர். அப்புறம் நூறு வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1982-லிருந்து 1984 வரை ஜெர்மனிக் குகை ஆய்வாளர்கள் வந்து ஊர்ந்தும் தவழ்ந்தும் அளந்தார்கள். பக்கத்து ஊர்க் குப்பையைக் கொட்டும் இடமாகவும் அது இருந்திருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் விடாமல் முயற்சி எடுத்த பிறகுதான் சுத்தம் செய்து, விளக்குப் போட்டு, 2002-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பெயரைக்கூடச் சொல்லலாம். பேலம் என்பது பிலம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள், நம் தமிழிலும் பிலம் என்றால் பாதாளக் குகைதான். இதைக் கேட்டதும் அம்மா உடனே, சீதையைத் தேடிப் போன வானரங்கள் இருட்டுப் பிலத்துக்குள் போய் அனுமன் பின்னாடி ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நடந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். உபன்யாசத்தில் கேட்டது. இருட்டில் எங்களுக்குப் பின்னால் வந்த நெல்லிக்குப்பம் அக்காவும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே, காலை எடுத்துவைக்க இருந்த பயம் போய் நடந்தார்.

இன்னொன்று. மேகாலயாவில் மாம்லூ என்று ஒரு குகை. அங்கே கிடைத்த ஒரு கல்முளையை அறுத்து அடுக்கடுக்காக ஆராய்ந்ததில், சுமார் 4,200 வருடத்துக்கு முன்னால் பருவமழை பலவீனப்பட்டுப் பெரிய வறட்சி வந்த தடயம் இருந்தது. அதை வைத்துத்தான் நாம் இப்போது வாழும் புவியியல் காலத்துக்கே மேகாலயன் என்று 2018-இல் பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு சொட்டும் அந்தந்த வருடத்து மழையின் கணக்கை எழுதிவைத்துப் போகிறது. புயலையும் வெள்ளத்தையும் பார்த்தே வளர்ந்த கடலூர்க்காரர்களுக்கு மழைக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தம்பியின் சட்டைப்பைக்குள் போனதில் எத்தனை வருட மழை இருந்ததோ.

கூட்டம் போனாலே கெடும் என்றால் மூடிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். பிரான்சில் லாஸ்கோ குகையை அப்படித்தான் 1963-இல் பொதுமக்களுக்கு மூடினார்கள், பார்க்க வந்தவர்கள் விட்ட மூச்சிலும் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த பாசியிலும் ஆதிமனிதர் ஓவியங்கள் கெட ஆரம்பித்ததால். பேலம் அப்படி மூடப்படுவதை நான் விரும்பவில்லை. என் பையன் பாதாள கங்கை வரைக்கும், அதாவது 46 மீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கி, வழிகாட்டி போன் டார்ச்சையெல்லாம் அணைக்கச் சொல்லி ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னபோது தண்ணீர் எங்கோ பாறைக்குள் ஓடி மறையும் சத்தத்தைக் கேட்டான். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வேனில் ஏறிய பிறகு விழுப்புரம் வரும்வரை அதையே பேசினான். எல்லாப் பிள்ளைக்கும் அது கிடைக்க வேண்டும். நம் பக்கத்திலேயே திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கின்றன, கோடிக்கணக்கான வருடம் பழையவை, வேலி போட்டுக் காவல் வைத்தும் சிறு துண்டை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த நோட்டீஸில் பேலத்துக்கு இரண்டு மணி நேரம் போடுங்கள். அதற்கப்புறம் போகும் கண்டிக்கோட்டையில் சாயங்கால வெளிச்சம் போய்விடும் என்று பயந்தால் காலையில் அரை மணி முன்னாடி கிளப்புங்கள், நாங்கள் எழுந்திருப்போம். வழிகாட்டி இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள், அவருக்கு ஆகும் பணத்தை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள், தலைக்கு என்ன பெரிய தொகை ஆகிவிடும்? முட்டி வலி, மூச்சிரைப்பு, இதயக் கோளாறு இருப்பவர்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காத செருப்பு, ஒரு கைத்துண்டு, தண்ணீர் போதும். தின்பண்டம், கற்பூரம் எதுவும் குகைக்குள் வேண்டாம். அங்கே கோடிலிங்கம் என்று ஒரு இடம் இருக்கிறது, சுண்ணாம்புக் கற்கள் லிங்கம் லிங்கமாகத் தெரியும், கும்பிடத் தோன்றும், கும்பிடுவோம், கையெடுத்துக் கும்பிட்டால் போதும்.

வேனில் யார் இதையெல்லாம் சொல்வது என்று கேட்டால், நான் சொல்கிறேன். ஆடி மாதம் கடையில் வேலை கொஞ்சம் குறையும், அந்த டூரில் அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு சீட் எழுதிக்கொள்ளுங்கள், முழுப் பணமும் கொடுத்தே வருகிறேன். தாடிபத்திரி தாண்டியதும் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு இருபது நிமிடம் மைக்கை என்னிடம் கொடுங்கள். வீட்டிலிருந்து அந்த வெள்ளை படிந்த பாத்திரத்தையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வேனில் வந்த ஒரு பயணி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்